ஃபிலிம் இல்லாத பெட்டி

மூன்று வருடமாக ஹம்ஸா கண்ணை மூடிக்கொண்டு முகம் கழுவியதில்லை. சோப்பு நுரை வழிய வழியக் கண்ணைத் திறந்தே வைத்திருப்பாள். எரியும். எரியட்டும் என்று விட்டுவிடுவாள். கண்ணை மூடியபடி முகத்தில் தண்ணீர் பட்டால் போதும், ஆனைமடுக் கரையில் பாய் மேல் கிடத்தியிருந்த முகம் வந்து நின்றுவிடும். அது பாச்சுதான், தன் கணவர்தான் என்று போலீஸ்காரரிடம் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டவள் அவளே. ஆனால் அடையாளம் சொன்னது கைக்கடிகாரத்தைப் பார்த்து. முகத்தில் அடையாளம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மூன்று நாள் ஆற்றில் கிடந்தவரிடம் மீன்கள் முதலில் எதைத் தொடும் என்பது ஆற்றோரத்து ஜனங்களுக்குத் தெரியும். அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்கள் இல்லை.

அவள் எக்ஸ்ரே டெக்னீஷியன். மைசூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், பதினோரு வருடமாக மற்றவர்களின் விலா எலும்புகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். தாத்தா ரயில்வே குமாஸ்தாவாகக் கும்பகோணத்திலிருந்து வந்தவர். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒருவரும் மைசூரை விட்டு நகரவில்லை. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், ஆஸ்பத்திரியில் இரண்டும் இங்கிலீஷும் சேர்ந்த கதம்பம்.

பாச்சு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் கம்பெனியில் இருந்தார். பம்புக்கும் பைப்புக்கும் தண்ணீர் ஒழுகாமல் இருக்கப் போடும் ரப்பர் வளையங்களைச் சோதித்து, நல்லதையும் சொத்தையையும் பிரிப்பது வேலை. நாள் பூராவும் ஒழுகலைப் பற்றியே யோசிக்கிற மனுஷனுக்குப் பொழுதுபோக்கும் அங்கிருந்துதான் முளைத்தது. ஏதோ டாக்டர் வீட்டு வரவேற்பறையில் ஒரு பத்திரிகையைப் புரட்டியிருக்கிறார். உள்ளே கடலுக்கடியில் எடுத்த படங்கள். அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம்.

"அதுக்கெல்லாம் லட்சக்கணக்கிலே ஆகும், ஏன்னா" என்றாள் ஹம்ஸா.

"கடல்னாதானே? நமக்குக் காவேரி போறும். பெட்டி நானே பண்ணிப்பேன்."

பண்ணவும் செய்தார். போர்டு எழுதுகிற கடையில் கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகடு வாங்கி, அறுத்து, குளோரோஃபாம் தடவி ஒட்டினார். மூடிக்குக் கம்பெனி வளையம். உள்ளே அவருடைய பழைய ரஷ்யக் கேமரா. பொத்தானை அழுத்த ஒரு கம்பி, ஃபிலிமைத் தள்ள ஒரு கம்பி, இரண்டும் பெட்டியைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் சைக்கிள் வால்வு டியூப். ஆறு மாதம் சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு வைக்க இடமில்லை. ஹம்ஸா திட்டித் தீர்த்தாள். அந்தத் திட்டில் பாதி பெருமை என்பது அவருக்குத் தெரியும். அதனால் நிறுத்தவில்லை.

தொண்ணூற்று மூன்று ஏப்ரல், ஒரு சனிக்கிழமை. அவருக்கு ஷிப்ட் இல்லை, அவளுக்கு டியூட்டி. சாயங்காலம் நாலு மணிக்குத் தலை கலைந்து, புடவை கசங்கி, கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால், வாசற்படியில் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு குறி பார்த்தபடி நிற்கிறார்.

"ஐயோ, என் மூஞ்சி இருக்கிற லட்சணத்திலே போட்டோவா? வேண்டாம்னா வேண்டாம்."

"ஃபிலிம் இல்லேடி. காலிப் பெட்டி. கம்பி சரியா வேலை பண்றதான்னு பாக்கறேன்."

காலிப் பெட்டிதானே என்று அவள் நாக்கைத் துருத்திக் காட்டினாள். உள்ளே ஒரு டிக் சத்தம். அவர் சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் காப்பி போட்டாள். அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

மறுநாள் காலை அவர் தனியாக ஆனைமடுவுக்குப் போனார். ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாண்டிக் காவேரி ஒரு பாறைக் கூட்டத்தைச் சுற்றித் திரும்பும் இடம் அது. கோடையில் தண்ணீர் வற்றி, தரை தெரிகிற மாதிரி தெளிந்து நிற்கும். முதல் தடவை கேமராவை வைத்துப் பார்க்க அவர் என்ன முட்டாளா? கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்து மூடி, பெட்டியை முக்கி எடுக்கப் போனார். கைக்குட்டை நனையாவிட்டால் பெட்டி தேறியது என்று அர்த்தம். நீச்சல் அவருக்கு அரைகுறை. பாறை வழுக்கியதோ, கால் மாட்டிக்கொண்டதோ, பார்த்தவர்கள் இல்லை. பெட்டி மட்டும் மேலே வந்து மிதந்தது. பரிசல் ஓட்டும் சித்தையன்தான் அதைப் பார்த்தார். மூன்றாம் நாள் பாச்சுவைத் தூக்கி வந்ததும் சித்தையன்தான்.

பெட்டியை ஹம்ஸாவிடம் கொடுத்தபோது அந்த மனுஷன் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு சொட்டு எறங்கலீங்க அம்மணி." தமிழ் பேசுகிற கௌதள்ளிப் பக்கத்து ஆள். ஆறுதல் சொல்லத் தெரியாமல், கண்ணால் கண்டதைச் சொன்னார். அவளுக்கு அந்த வாக்கியம் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. பெட்டியைக் காப்பாற்றத் தெரிந்தவருக்குத் தன்னைக் காப்பாற்றத் தெரியவில்லையே என்ற கோபம் நெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

சுவரில் மாட்ட ஒரு படம் தேவைப்பட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. பாச்சு எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றவர். வீட்டில் டப்பா டப்பாவாகப் படம், எல்லாம் ஹம்ஸா. அவர் இருந்தது கல்யாணப் படம் ஒன்றில்தான். அதிலும் ஃபிளாஷ் வெளிச்சத்துக்குக் கண்ணை மூடியிருந்தார். அவருடைய அண்ணா அதை ஸ்டூடியோவுக்கு எடுத்துக்கொண்டு போனார். ஸ்டூடியோக்காரன் ஹம்ஸாவை வெட்டி எறிந்து, மூடிய இமைகளின் மேல் இரண்டு கண்களை வரைந்து, பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தான். நல்ல கண்கள்தான், ஏதோ சாமி படத்துக் கண்கள். "தத்ரூபமா இல்லே?" என்று அண்ணா கேட்டார். ஹம்ஸா தலையாட்டினாள். தலையாட்டித் தலையாட்டியே அவள் கழுத்து தேய்ந்துபோன வருடம் அது.

ஆக, கரையில் கண்ணில்லாத முகம், சுவரில் வேறு யாருடைய கண்களோ வைத்த முகம். நடுவில் பன்னிரண்டு வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவரின் கண்கள் எப்படி இருந்தன என்று நினைத்துப் பார்த்தால், வரவில்லை. இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. கணவனின் கண்ணை மறந்தவள் என்று தன்னைத் தானே ஏசிக்கொள்வதற்கே நேரம் சரியாக இருந்தது.

பெட்டி ஃப்ரிட்ஜின் தலையில் இரண்டு வருடம் தூசி பிடித்துக் கிடந்தது. தொண்ணூற்று ஐந்தில் ஒரு நாள் துடைக்க இறக்கினாள். உள்ளே கைக்குட்டை அவர் மடித்த மடிப்பிலேயே இருந்தது. யோசிக்காமல் திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். குப்பென்று அவருடைய பவுடர் வாசனை. ஒரு மூச்சு, அவ்வளவுதான், போய்விட்டது. அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பெட்டிக்குள் இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையின் காற்று. அவர் மூச்சு விட்ட காற்று. இரண்டு வருடம் பத்திரமாக இருந்ததைத் துடைக்கிறேன் பேர்வழி என்று திறந்து விட்டுவிட்டாள். தரையில் உட்கார்ந்து, தன் கையைத் தானே அடித்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்தபோது ஒரு பிடிவாதம் வந்திருந்தது. அவர் பார்க்கப் போன ஆற்றுத் தரையை நான் பார்க்கிறேன். படம் எடுக்கிறேன். அங்கே வெறும் கல்லும் மணலும்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால், கரையில் கிடந்த அந்த முகம் என்னை விட்டுவிடும்.

முப்பத்தேழு வயதில் நீச்சல் குளத்தின் பெண்கள் நேரத்துக்குப் பெயர் கொடுத்தாள். அக்கம்பக்கம் பேசியது. பேசட்டும் என்றாள். தலையை முக்கச் சொன்னபோது மற்றவர்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தத்தளித்தார்கள். ஹம்ஸா விழித்த கண்ணோடு அடியில் போய் உட்கார்ந்தாள். பயிற்சி கொடுத்த பெண்மணிக்கு ஒரே ஆச்சரியம். "இது பிறவியிலேயே வரணும், மேடம்" என்று கன்னடத்தில் பாராட்டினாள். ஹம்ஸா மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி முங்கினாள்.

பிறகு பெட்டி. உள்ளே காற்று இருப்பதால் அது முங்க மாட்டேன் என்றது. ஆஸ்பத்திரியில் கழித்துக்கட்டிய ஈய அங்கியின் துண்டுகளைக் கேட்டு வாங்கி, பெட்டியின் அடியில் ஒட்டினாள். எக்ஸ்ரே கதிரை மறைத்த ஈயம் இப்போது கேமராவை முக்கியது. கடையில் வாங்கிய ஒரு சுருளைக் குளத்திலேயே எடுத்துப் பார்த்தாள். முப்பத்தாறில் முப்பத்தொன்று நீலப் புகை. ஆனால் தொழில் தெரிந்த கை, தப்பிலிருந்து கற்றுக்கொண்டது. கை நீட்டினால் தொடுகிற தூரத்துக்குள் போகவேண்டும். அதற்கு மேல் தண்ணீரே படத்தைத் தின்றுவிடும். வெயில் உச்சிக்கு வந்த பிறகு இறங்கவேண்டும். தரையில் கால் படக்கூடாது. பட்டால் கிளம்பும் தூசி அடங்கும்வரை பொத்தானைத் தொடக்கூடாது. சிவப்பு முதலில் செத்துப்போகும். அவளுடைய குங்குமச் சிவப்பு நீச்சல் தொப்பி படத்தில் பழுப்பாக விழுந்திருந்தது.

ஆற்றுக்கென்று வேறொரு சுருள் வைத்திருந்தாள். பாச்சு இறந்துபோன மாதத்தில் ஃப்ரிட்ஜ் கதவில் எலுமிச்சம்பழங்களுக்குப் பக்கத்தில் கண்டெடுத்தது. சின்ன டப்பாவுக்குள் கலர் சுருள், நுனி வெளியே நீட்டிக்கொண்டு, புத்தம் புதுசாக. முதல் படத்துக்கென்று வாங்கி வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். நினைத்ததில் தப்பில்லை. அவள் வேலை பார்த்த இடத்தில் அதுதான் சட்டம்: குளிர்ப்பெட்டியில் இருப்பது புது ஃபிலிம். எடுத்து முடித்தது ஒருபோதும் அங்கே போகாது, நேரே இருட்டறைக்குப் போகும். எடுத்த ஃபிலிமிலேயே மறுபடி எடுத்து, ஒருத்தர் விலா எலும்பின் மேல் இன்னொருத்தர் விலா எலும்பை ஏற்றிவிடுவதுதான் எக்ஸ்ரே அறையில் மகா பாவம். பதினோரு வருடத்தில் ஹம்ஸாவின் கையில் அது ஒரு தடவைகூட நடந்ததில்லை. டாக்டர்கள் மற்றவர்களுக்கு அவளைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

தொண்ணூற்று ஆறு ஏப்ரலில் ஆனைமடுவுக்குப் போனாள். சித்தையன் அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"வேண்டாமுங்க அம்மணி. இந்த மடுவு ஆகாதுங்க. நானே அந்தப் பக்கம் பரிசல் உடறதில்லை."

"அவர் எங்கே கிடந்தார்னு காட்டுங்கோ, போறும்."

"காட்டறனுங்க. ஆனா ஒண்ணு, இடுப்புல கவுறு கட்டிக்கோணும். மறுமுனை எங்கையில இருக்கும். மூச்சு முட்டுச்சுன்னா ஒரு இழு இழுங்க. ஒருத்தரை நாந் தூக்குனது போதுமுங்க."

கட்டிக்கொண்டாள். பன்னிரண்டு மணி வெயிலில் பரிசலிலிருந்து இறங்கி முங்கினாள்.

உள்ளே பச்சை. மேலே இருந்து வெயில் கோடு கோடாக இறங்கித் தரையில் நெளிந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவில் வெள்ளை மணல், அதன் மேல் விரல் நீளக் குஞ்சு மீன்கள். அவ்வளவுதான். கல்லும் மணலும்தான். ஆனால் நிம்மதி வரவில்லை. அந்தப் பாறைச் சந்தில் அவர் இருக்கிறார் என்று உடம்பு சொன்னது. முதுகுப் பக்கம் இருக்கிறார், திரும்பினால் அந்தப் பக்கம் போய்விடுகிறார். பெட்டியை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். மேலே வந்து மூச்சு வாங்கினாள். மறுபடி. ஈயம் ஒட்டியும் பெட்டி கையை மேலே மேலே இழுத்தது. அவருடைய கையையும் இப்படித்தான் இழுத்திருக்கும் என்று தோன்றியபோது ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டாள். சித்தையன் கயிற்றை இழுத்துவிட்டார். வெகுநேரம் இருமிவிட்டுத் திரும்பவும் இறங்கினாள். முப்பத்தாறு படமும் அந்த ஒரே சந்தில். யாரும் இல்லாத மணலை, யாரோ உட்கார்ந்திருப்பது போலக் கெஞ்சிக் கெஞ்சி எடுத்தாள்.

அன்றைக்கு வீட்டில் முகம் கழுவும்போது சோதித்துப் பார்த்தாள். கண்ணை மூடினாள். அந்த முகம் வந்தது, முன்னைவிடக் கிட்டத்தில்.

நஞ்சுண்டசாமியின் கலர் லேபில் சுருளைக் கொடுத்திருந்தாள். பாச்சு காலத்திலிருந்து பழக்கமான கடை. நாலாம் நாள் போனபோது அவர் படம் எதுவும் தரவில்லை. நெகடிவ்களை மட்டும் ஆறாறாக வெட்டி உறையில் போட்டு வைத்திருந்தார்.

"நோடி மேடம், இங்கே பாருங்க, ரோல் ஏற்கெனவே யூஸ் ஆனது. அது மேலேயே மறுபடி எடுத்துட்டீங்க. ஒண்ணுக்குள்ளே ஒண்ணு கலந்துபோச்சு. மிஷின் ஒண்ணையும் பிரிண்ட் போடல்ல."

"அது புது ரோல், சுவாமி."

"இல்லே மேடம். அதுலே வீடு தெரியறது, கதவு தெரியறது. ஆத்துக்குள்ளே கதவு எங்கேருந்து வரும்?"

உறையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போகப் பொறுமை இல்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு வேளை, எக்ஸ்ரே அறையில் ஆள் இல்லை. பிளேட் பார்க்கும் வெளிச்சப் பெட்டியைப் போட்டு, நெகடிவ் துண்டுகளை வரிசையாக ஒட்டினாள். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருப்பதைப் படிக்கிறதுதானே அவள் பிழைப்பு. லென்ஸை வைத்துக் குனிந்தாள்.

மணல் மேல் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. பாறைச் சந்தில் சமையலறை ஜன்னல். மீன் குஞ்சுகளுக்கு நடுவில் கொடியில் காயும் அவளுடைய நீலப் புடவை. முதலில் ஒரு கணம், எல்லாம் அங்கே ஆற்றுக்கடியில் இருக்கிறது, அவர் அங்கே குடித்தனம் வைத்துவிட்டார் என்றே நம்பினாள். பிறகு டெக்னீஷியன் ஹம்ஸா விழித்துக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை. அவள் டியூட்டியில் இருந்த அந்தப் பகல். பெட்டிக்குள் கேமராவை வைத்து, கம்பி முப்பத்தாறு தடவையும் வேலை செய்கிறதா, அக்ரிலிக் வழியாகப் படம் தெளிவாக விழுகிறதா என்று வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி எடுத்திருக்கிறார். எடுத்த சுருளை முழுக்க உள்ளே இழுக்காமல் நுனியை வெளியே விட்டுச் சுற்றிக் கழற்றி, வெயிலில் கெடாமல் இருக்க ஃப்ரிட்ஜ் கதவில் வைத்திருக்கிறார். எதையும் எழுதி வைக்கிற பழக்கம் இல்லாதவர். இருந்ததெல்லாம் மண்டையில். மண்டையோடு போயிற்று. பதினோரு வருடம் செய்யாத பாவத்தை, செய்யவே கூடாத ஃபிலிமில், முப்பத்தாறு தடவை செய்திருக்கிறாள்.

"ஐயோ, நானே அழிச்சுட்டேனே" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பத்தொன்பதாவது படத்தில் கை நின்றது. பீரோக் கண்ணாடி. கண்ணாடிக்கு எதிரே பெட்டியை மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு பாச்சு. நெகடிவில் முகம் கறுப்பு. கறுப்பு முகத்தில் இரண்டு வெளுத்த புள்ளிகள். திறந்திருந்தன.

நஞ்சுண்டசாமியிடம் ஓடினாள். மிஷின் போடாவிட்டால் நீங்கள் போடுங்கள், இந்த ஒன்றும் கடைசி ஒன்றும் போதும் என்றாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய்க் கையாலேயே போட்டுக் கொண்டுவந்தார்.

பச்சைத் தண்ணீருக்குள் பாச்சு நின்றார். நெற்றியில் ஒரு மீன் குஞ்சு. கன்னத்தில் வெயில் கோடு நெளிந்தது. அந்தக் கண்கள், ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் சின்னது. ஆமாம், இடது கண் சின்னது. சிரிக்கும்போது அது ஏறக்குறைய மூடியே போகும். இதை எப்படி மறந்தாள்? இப்போதும் சிரிக்கப் போகிற கண், யாரையோ ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் இருக்கிற கண். கடையின் ஸ்டூலில் உட்கார்ந்து, வந்தவர் போனவர் பார்க்க, ஹம்ஸா அழுதாள். கிடைத்ததற்கும் அழுதாள், பாழாக்கியதற்கும் அழுதாள். தண்ணீர் கலக்காமல் அந்தப் பீரோக் கண்ணாடியில் நின்ற பாச்சுவை இனி யாராலும் எடுத்துத் தர முடியாது. அது அவள் செய்தது.

கடைசிப் படத்தில் ஆற்று மணல் மேல் ஒரு கேட். கேட்டைத் திறந்துகொண்டு, தலை கலைந்து, புடவை கசங்கி, நாக்கைத் துருத்தியபடி ஒரு பெண்.

வீட்டுக்கு வந்து இரண்டு படங்களையும் குளியலறை அலமாரியில் சாய்த்து வைத்தாள். குழாயைத் திறந்து, முகத்தில் சோப்புப் போட்டு, மறுபடியும் பயத்தை மீறிக் கண்ணை இறுக மூடித் தண்ணீரை அள்ளி அடித்தாள். வந்தார். ஆற்றுக்குள்ளேதான் இருந்தார், பச்சையாக, நனைந்து, நெற்றியில் மீனோடு. இனி எப்போதும் அங்கேதான் இருப்பார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் கண் இருந்தது. இடது கண் சின்னதாகிக்கொண்டு வந்தது.

"ஃபிலிம் இல்லேன்னேளே" என்றாள் ஹம்ஸா, வாயெல்லாம் நுரையோடு.